செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடலும் மாதக் கூட்டங்களும் வழக்கம்போல் நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். மருந்தாளர் படிப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக நடந்த பயிலரங்கைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கோவிட்-19 காரணமாகச் சிங்கப்பூரில் கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தபோது பாடங்கள் வீட்டுத் திரைக்கு வந்தன. விரிவுரையை இணையத்தில் கேட்டுவிடலாம். மருந்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம் அப்படி வராது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2011இலேயே உருவாக்கிய ‘மைடிஸ்பென்ஸ்’ மென்பொருள் இதற்குத்தான் உதவுகிறது. பல நாட்டு மருந்தாளர் பள்ளிகள் அதைப் பயன்படுத்துகின்றன.

தமிழ் மொழி விழா நடக்கும் ஏப்ரலில் நம் பயிலரங்கை நடத்தினோம். அதில், விரிவுரையாளரான நம் உறுப்பினர் ஒருவர் இந்த மென்பொருளை இயக்கிக் காட்டினார். திரையில் மருந்துச் சீட்டு வருகிறது. மாணவர் நோயாளியிடம் விவரம் கேட்டு, அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து, லேபிள் அடித்து ஒட்ட வேண்டும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். ‘தினமும்’ என்று அடித்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தத் தவற்றை மாணவர் திரையிலேயே செய்து, திரையிலேயே திருத்திக்கொள்ளலாம். யாருக்கும் பாதிப்பில்லை. இந்தக் கருவியின் பெரிய நன்மை இதுதான் என்பேன்.

அப்புறம் மூத்த உறுப்பினர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து, “தினமும் போட்டா வலி சீக்கிரம் போயிடுமேம்மா?” என்று கேட்டார். லேபிளைச் சரியாக அடித்த மாணவிக்கு ஆங்கிலத்தில் பதில் தெரியும். தமிழில் சொல்ல வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, “திங்கட்கிழமை மட்டும் போடுங்க பாட்டி. மத்த நாள்ல போட்டா இரத்தத்தையே கெடுத்திடும்” என்றார். இந்தப் பதில் பரீட்சைத் தாளில் வராது. ஆனால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருந்து கொடுக்கும் முகப்பில் தேவைப்படும்.

மைடிஸ்பென்ஸில் ஆசிரியர்களே பயிற்சிகளை எழுதிச் சேர்க்க முடியும். ஆகவே, மருந்தகங்களில் பணிபுரியும் உறுப்பினர்கள், தமிழ் மூத்தோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொல்வது போலவே எழுதி மாணவர் பிரிவிடம் கொடுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ வேண்டாம். அவற்றைப் பயிற்சியாக்கித் தர விரிவுரையாளர் சம்மதித்திருக்கிறார். நேரம் ஒதுக்கிய அவருக்கும், நோயாளியாக நடித்த மூத்தவருக்கும் சங்கத்தின் நன்றி.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்