கழுத்தைப் பார்த்து வாங்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்
புரட்டாசி, இரண்டாம் சனி

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்று படித்ததில் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே புரட்டாசி என்பதால் அடுப்பில் மீனும் கறியும் ஏறுவதில்லை. பருப்பும் பூசணியுமாக மாதம் ஓடுகிறது. மழை இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் கடற்காற்றின் பிசுபிசுப்பு தொடங்கிவிட்டது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் உதடு வெடிக்கிற வறட்சி என்று எழுதியிருந்தாய். அந்த வறட்சிக்கும் உன் சின்னவன் கேட்கிற எலக்ட்ரிக் கிட்டாருக்கும் சம்பந்தம் உண்டு, கீழே சொல்கிறேன்.

மலிவாக ஒன்றை வாங்கிக்கொண்டு பிறகு பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றிவிட்டால் நல்ல கிட்டார் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. என் கட்சி ஒன்றுதான்: கழுத்தைப் பார்த்து வாங்கு. பிக்கப், சுவிட்ச், சுருதி கூட்டும் ட்யூனிங் கீ, உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எது சொத்தையானாலும் அரை நாளில் மாற்றலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ, அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் மேடும் பள்ளமுமாக இருந்தாலோ, அதைச் சரிசெய்கிற கூலி கிட்டாரின் விலையைத் தொட்டுவிடும்.

கடையில் எடுத்ததுமே ஆம்ப்ளிஃபயரில் சொருகச் சொல்லாதே. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தின் இரண்டு விளிம்புகளையும் உடல்வரை பார். லேசான குழிவு இருந்தால் கவலை இல்லை. அது தந்தியின் இழுப்பால் வருவது, உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாம். ஒரு விளிம்பு ஏறி மறு விளிம்பு இறங்கியிருந்தால் அது முறுக்கல். ராடைத் தலைகீழாகத் திருகினாலும் தீராது, கீழே வைத்துவிடு. அடுத்து ஒவ்வொரு தந்தியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக மீட்டச் சொல். ஒரே இடத்தில் மட்டும் கரகரத்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பையிலிருக்கும் வங்கி அட்டையின் ஓரத்தை (தலைப்பக்கத்தில் நீள ஓரம், உடல் பக்கத்தில் குட்டை ஓரம்) மூன்று ஃப்ரெட்டுகள் மேல் நிறுத்திப் பார். அட்டை முன்னும் பின்னும் ஆடினால் நடுவிலிருப்பதுதான் குற்றவாளி. ஒன்றிரண்டு என்றால் தட்டி உட்காரவைக்கலாம். ஐந்தாறு இடத்தில் ஆடினால் வேறு கிட்டார் கேள். ஒரே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் இறக்கச் சொல்ல வெட்கப்படாதே. மலிவு ரகத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் நிறைய.

சின்னவன் எழுதித் தந்த பட்டியலில் யமஹா பசிஃபிகா 112வி-தான் எனக்குப் பிடித்தது. ஆல்டர் மர உடல், ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலப்பு) காந்தம் வைத்த பிக்கப்புகள், பிரிட்ஜ் பக்கம் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர். டோன் குமிழை வெளியே இழுத்தால் அந்த ஹம்பக்கரில் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். பழைய சினிமாப் பாட்டுக்கான தெளிந்த ஓசையும் கிடைக்கும், அவன் கேட்கிற ராக் இரைச்சலும் கிடைக்கும். ஃபெண்டர் கம்பெனியின் மலிவுப் பிராண்டான ஸ்க்வையரில் அஃபினிட்டி அதைவிட மலிவு. பாப்லர் உடல், செராமிக் காந்த பிக்கப். கையில் எடுத்த அந்த ஒன்று நன்றாக இருந்தால் அதுவும் சோடை போகாது. அதே ஸ்க்வையரில் கிளாசிக் வைப் ஒரு படி மேலே, அதில் ஆல்னிகோ. இங்கேதான் கணக்குப் போட வேண்டும்: அஃபினிட்டி வாங்கி, பிக்கப் செட், ட்யூனிங் கீ, பிரிட்ஜ் என்று மாற்றினால் செலவு கிளாசிக் வைப்பைத் தாண்டிவிடும். விற்கப் போனாலோ உள்ளே போட்ட சாமானுக்கு ஒருவரும் ஐந்து ரேண்டு கூடத் தர மாட்டார்கள். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. யாரோ ஒருவர் மூன்று மாதம் மீட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போட்டதுதான் பெரும்பாலும் விலைக்கு வருகிறது. அதில் ட்ரஸ் ராடைத் திருகும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் துளை தேய்ந்து வட்டமாகியிருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார். ஸ்க்வையரில் வரிசை எண் ஐ.சி.எஸ். என்று தொடங்கினால் இந்தோனேசியாவில் கார்ட் தொழிற்சாலை செய்தது, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு.

ஸ்க்வையரின் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட்டுகள் பதித்த மரப்பலகை) 'இந்தியன் லாரல்' என்று போட்டிருந்தால் மட்டம் என்று நினைக்காதே. அது நம் ஊர்க் கருமருது. 2017-இல் ஈட்டி இன மரங்களுக்கெல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தபோது பல கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்பின. நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த வறட்சி விஷயம். உங்கள் மேட்டுநிலத்தில் மே முதல் செப்டம்பர்வரை காற்றில் ஈரமே இருக்காது. மரம் அகலவாக்கில் சுருங்கும், ஃப்ரெட் உலோகம் சுருங்காது. அதனால் ஃப்ரெட் முனைகள் கழுத்தின் ஓரத்தில் அரம்போல நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். இந்தோனேசியாவின் ஈரக்காற்றில் செய்து, நம் துறைமுகத்தில் இறங்கி, அங்கே கடையில் நான்கு மாதம் தொங்கியிருந்தால் கட்டாயம் நீட்டும். அதைத் தயாரிப்புக் குறை என்று சொல்லி நல்ல கிட்டாரைத் தள்ளிவிடாதே. விலையைக் குறைக்கப் பயன்படுத்து. சரிசெய்ய இந்த மாதமே ஏற்றது. மரம் அதன் மிகச் சுருங்கிய நிலையில் இருக்கும்போது ராவினால் பிறகு எப்போதும் நீட்டாது. கோடையில் மரம் உப்பினால் முனை கொஞ்சம் உள்ளே போகும், அதனால் கெடுதல் இல்லை.

தந்திகளைக் கழற்றி, பிக்கப்புகளைத் துணியால் மூடிவிடு. காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டு. நயமான தட்டை அரத்தைக் கழுத்தின் ஓரத்தோடு நீளவாக்கில் படியவைத்து, நீட்டல் போகும்வரை மெதுவாகத் தள்ளு. பக்கவாட்டு வார்னிஷைத் தொட்ட கணம் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கூர்மூலைகள் மிஞ்சும். அவற்றைச் சின்ன அரத்தால் இரண்டிரண்டு இழுப்பு இழுத்து, 400 சாண்ட் பேப்பரால் மழுக்கு. கடைசியில் மரத்தில் நான்கைந்து சொட்டு எலுமிச்சை எண்ணெய் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துவிடு. கடைகளில் ஃப்ரெட்போர்டுக்கென்று விற்பதைத்தான் சொல்கிறேன். வார்னிஷ் பூசிய மேப்பிள் ஃப்ரெட்போர்டு என்றால் எண்ணெயே வேண்டாம்.

அடுத்தது செட்டப், அதாவது வாசிக்க வாகாக அளவுகளைத் திருத்துவது. மலிவு கிட்டாரை நல்ல கிட்டாராக்குவதில் முக்கால் பங்கு இதுதான், செலவு ஒரு செட் தந்தி. 0.009 முதல் 0.042 அங்குலத் தடிமன் வரையான புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்த்த பிறகு தொடங்கு. வரிசையை மாற்றாதே, ஒன்று அடுத்ததைப் பாதிக்கும்.

முதலில் கழுத்தின் குழிவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, தடித்த ஈ (E) தந்தியைக் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார். 0.2 முதல் 0.25 மி.மீ. போதும். மோட்டார் சாமான் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு இதற்குப் பொருந்தும். அதிகமாக இருந்தால் ராடை வலப்பக்கம் திருகு, குறைவாக இருந்தால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதே. மறுபடி சுருதி சேர்த்து அளந்த பிறகே அடுத்த கால் சுற்று.

பிறகு தலைப்பக்கத்து நட், அதாவது தந்திகள் உட்காரக் காடி வெட்டிய பட்டை. மலிவு கிட்டாரில் பெரிய குறை எப்போதும் இங்கேதான், கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார். தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்து. முதல் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு முடியிழை அளவு சந்து தெரியும். தட்டினால் மெல்ல 'டிக்' என்னும். சந்து பெரிதாக இருந்தால் நட்டின் காடி போதிய ஆழமில்லை. சுருதி சரியாக இருந்தும் ஈ மேஜர் என்ற ஸ்வரக்கூட்டு கேட்கச் சகிக்காதது இதனால்தான்: முதல் ஃப்ரெட்டுகளில் அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடுகிறது. பையனும் விரல் வலிக்கிறது என்று இரண்டே மாதத்தில் மூலையில் வைத்துவிடுவான். இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடு. காடி அரங்கள் விலை அதிகம். ஒரு இழுப்பு கூடிப்போனால் திறந்த தந்தி ஃப்ரெட்டில் அடித்துப் புது நட் போட வேண்டிவரும். சுருதி கூட்டும்போது 'டிங்' என்று தந்தி தாவினால் காடி பிடிக்கிறது என்று பொருள்; 2பி பென்சிலைக் காடியில் தேய்த்தாலே பாதி தீரும். ட்யூனிங் கீ மட்டம் என்று பலர் மாற்றுவது இந்தப் பிடிப்புக்காகத்தான். கீயை மாற்றியும் பிடிப்பு அப்படியே இருக்கும்.

கம்பியால் ஆட்டக்கூடிய ட்ரெமலோ பிரிட்ஜ் என்றால் அவன் கைப்பழகும்வரை அசையாமல் உட்காரவை. பின்மூடியைத் திறந்தால் ஸ்ப்ரிங்குகளைப் பிடிக்கும் தகட்டில் இரண்டு நீள ஸ்குரூ இருக்கும். பிரிட்ஜ் உடலில் படியும்வரை இரண்டையும் சமமாக இறுக்கு. பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் அடிக்கும் ஃப்ரெட்டின் தலைக்கும் நடுவே மெல்லிய ஈ-க்கு 1.5, தடித்த ஈ-க்கு 2 மி.மீ. இருக்கும்படி சேடில்களை (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் துண்டுகள்) வை. ஸ்க்வையருக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ. அமெரிக்க ஃபெண்டரின் 0.050 அங்குலக் கீயை நுழைத்தால் தலை தேய்ந்து வட்டமாகும். கடைசியாக இன்டொனேஷன் (கழுத்து நெடுக ஸ்வரம் சரியாக நிற்பது): 12-ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஒலி) அதே இடத்தில் அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளு, இறங்கியிருந்தால் முன்னால் இழு.

இத்தனைக்கும் பிறகு அவன் ஆறு மாதம் வாசிக்கட்டும். அதற்குமேல்தான் பிக்கப் பேச்சு. அதுவும் முதலில் உயரத்தைத் திருத்திப் பார். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி, சிங்கிள் காயில் என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குத் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கு. ஆல்னிகோ காந்தம் தந்திக்கு மிகவும் நெருங்கினால் தந்தியையே இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு சத்தம் கேட்கும். அதைக் கேட்டுப் பலர் பிக்கப்பைக் குறை சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் பாட் (குமிழுக்கு அடியிலிருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்), சுவிட்ச், ஜாக் எல்லாவற்றையும் ஒரே கையோடு மாற்று. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓம் பாட், ஹம்பக்கருக்கு 500. பெரிய அமெரிக்க பாட் உட்கார 9.5 மி.மீ. துளை வேண்டும். மலிவு கிட்டாரின் துளை பெரும்பாலும் அதைவிடச் சிறியது, குடைந்து பெரிதாக்க வேண்டும்; பழைய குமிழும் புதுத் தண்டின் பல்லில் உட்காராது. இதையெல்லாம் வெளிநாட்டிலிருந்து தனித்தனியாக வரவழைத்தால் கூரியரும் சுங்கமுமாக, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். கழற்றிய சாமானை ஒரு பையில் போட்டு வை, விற்கும்போது உதவும்.

உறுமல் சத்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். சிங்கிள் காயில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வாங்கி முணங்குவது இயல்பு. கிட்டாரின் உட்குழியில் செப்பு டேப் ஒட்டினால் விளக்கு டிம்மரின் கீச்சொலி குறையும், முணங்கல் முழுதும் போகாது. ஆனால் உன் வீட்டில் லோட்ஷெட்டிங் மின்வெட்டுக்காக வாங்கிய இன்வர்ட்டர் 'மாடிஃபைட் சைன்' வகை (சீரான அலையாக மின்சாரம் தராதது) என்றால் கிட்டாரில் கை வைக்குமுன் ஆம்ப்ளிஃபயரை நேராகச் சுவரில் சொருகிப் பார். பாதிச் சத்தம் அங்கேயே நின்றுவிடும். நம் பெரிய மூன்றுமுனை பிளக்கில் எர்த் இருக்கிறது. இடையில் இரண்டுமுனை அடாப்டரை நுழைத்து அதை அறுத்துவிடாதே. உறுமலும் கூடும், ஆம்ப்ளிஃபயரில் ஏதாவது பழுது வந்தால் தந்தி வழியாகப் பையன் கைக்கே ஷாக் வரும்.

டிசம்பரில் குடும்பத்தோடு இறங்கி வருகிறாய் அல்லவா, கிட்டாரையும் எடுத்து வா. வான் ரீனன் கணவாயில் சாப்பிட நிறுத்தும்போது டிக்கியில் வெயிலில் விட்டுவிடாதே. இங்கே வந்து இரண்டு மூன்று நாளில் ஈரத்துக்குக் கழுத்து குழிந்து தந்தி உயர்ந்ததுபோலத் தெரியும். பதறாமல் ஒரு வாரம் பார்த்துவிட்டு ராடைக் கால் சுற்று வலப்பக்கம் திருகலாம். ஊர் திரும்பியதும் அதை அப்படியே தளர்த்திவிட வேண்டும். வாசித்து முடித்ததும் தந்தியையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடைக்கப் பழக்கு, நம் கடற்காற்றில் சேடில் ஸ்குரூ ஒரே பருவத்தில் துருவேறிவிடும். ராடின் ஆலன் கீயைப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டுவிடு. இங்கே என்னிடம் இருக்கும் அளவு பொருந்தும் என்று நம்பி வராதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி