தேக்கு தேடிப் போனேன், வனம் கிடைத்தது

எங்கள் ஊர்க் கிளை நூலகத்து அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, யாரென்றே தெரியாத ஒருவருக்கு. சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ நாவலை, தலைப்பில் வனம் இருக்கிறதே என்று வேளாண்மை அடுக்கில் செருகி வைத்த புண்ணியவான் அவர். கொல்லைக் கடைசியில் இருக்கும் புதரையும் இரண்டு புளியமரங்களையும் எடுத்துவிட்டுத் தேக்கு வைக்கலாமா என்று யோசனை. அதற்குத்தான் அந்த அடுக்குக்குப் போனேன். நாவல் படிக்கும் பழக்கமே எனக்குக் கிடையாது. மரம் வளர்ப்புப் புத்தகம் என்று நினைத்து எடுத்து வந்தேன்.

வீட்டில் பிரித்தால், காட்டை அழிக்கிற கதை! சிதம்பரம் என்கிறவன் கரும்பு ஆலை கட்ட வனத்தை விலைக்கு வாங்குகிறான். கொடியை அறுப்பது, மூங்கிலுக்குத் தீ வைப்பது என்று பக்கம் பக்கமாக அதே வேலைதான். எழுதியவர் யார் பக்கமும் சாயவில்லை, ஓரிடத்திலும் ஒப்பாரி வைக்கவில்லை. அரிவாள் பிடித்துப் பழகிய எனக்கே படிக்கப் படிக்கக் கை எரிந்தது. சிதம்பரம் ஜெயிக்கவேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். அப்புறம் ஆலை ஓடுகிறது. ஊரில் குழம்புக்கு நல்ல புளி இல்லை. (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.) புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கொல்லையில் போய் நின்றேன்.

கிழிந்துபோன ஒரு பக்கத்தின் அடியில், விட்டுப்போன வரிகளை நீல மையில் எழுதி ஒட்டியவருக்கு அடுத்த நன்றி. வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்துப் பார்த்துத்தானே எழுதியிருப்பீர்கள்?

நாளிதழ் மேசைப் பெரியவருக்கும் நன்றி. 1969இல் நாவல் வந்தபோது ஆசிரியருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்றும், பூம்புகார்ப் பக்கம் சாயாவனம் என்று நிஜமாகவே ஓர் ஊர் உண்டு என்றும் சொன்னவர் அவர்தான். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்று 1931இலேயே விதி எழுதிய நூலகத் தந்தை ரங்கநாதன், அதற்குப் பக்கத்துச் சீர்காழிக்காரராம். என் இரண்டு ராத்திரித் தூக்கம் போனதை யாரிடம் முறையிட?

நூலகர் அம்மா, மூன்று முறை முகம் சுளிக்காமல் புதுப்பித்துக் கொடுத்தீர்கள். புத்தகத்தை நாவல் அடுக்கிலேயே வைத்துவிட்டேன் என்றீர்கள். சரிதான். இருந்தாலும், இன்னொரு பிரதி வந்தால் வேளாண்மை அடுக்கிலும் ஒன்று இருக்கட்டுமே.

அன்புடன்,
உங்கள் வாசகன்

பி.கு.: தேக்குப் புத்தகம் இன்னும் அடுக்குக்குத் திரும்பவில்லை. எடுத்துப் போனவர் மெதுவாகவே கொடுக்கட்டும். எனக்கு அவசரமில்லை.