குடிலுக்கு வயரிங்: இன்வேட்டரிலிருந்து தொடங்கு

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு ஹட்டனிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

மஸ்கெலியாவுக்கு மேலே உன் குடிலுக்குக் கரண்ட் லைன் வராது என்றால் சோலார்தான். உன் படத்தில் பெனலிலிருந்து கணக்குத் தொடங்கியிருக்கிறாய். இன்வேட்டரிலிருந்து தொடங்கு. பட்டரியின் டி.சி.யை வீட்டு ஏ.சி. கரண்டாக மாற்றும் 1000 வாட் இன்வேட்டர், சும்மா இருக்கும்போதே 10, 15 வாட் குடிக்கும். இரவு பகலாகப் போட்டு வைத்தால் நாளுக்கு 240 முதல் 360 வாட்-மணி போய்விடும். உன் ஐந்து 7 வாட் பல்பும் ஐந்து மணித்தியாலம் எரிய 175 போதும். ஆகவே பல்பு, ரேடியோ, போன் சார்ஜ் எல்லாம் நேரே பட்டரியின் டி.சி.யில் ஓடட்டும். டீவிக்கும் கிரைண்டருக்கும் மட்டும் இன்வேட்டர், வேலை முடிந்ததும் நிறுத்திவிடு. ஃபேன் தேவைப்படாத ஊர் என்பது உனக்குப் பெரிய லாபம். எல்லாம் சேர்த்து நாளுக்கு 400 வாட்-மணி என்று வை.

பட்டரி 24 வோல்ட்டாக எடு. 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 10 மீற்றர் தூரத்துக்கு 120 வாட் அனுப்பினால், 12 வோல்ட்டில் 10 அம்பியர் ஓடி 0.9 வோல்ட் வழியிலேயே விழும், ஏழு வீதத்துக்கு மேல். 24இல் இரண்டு வீதம்கூட விழாது. பல்பு லொறிச் சாமான் கடையிலேயே கிடைக்கும், லொறிகளும் 24தான். ஆனால் சார்ஜ் ஆகும்போது லிதியம் பட்டரி 28 தாண்டும். 30 வோல்ட் தாங்குமா என்று கேட்டு வாங்கு.

பெப்ரவரி வெயிலை நம்பாதே. உன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழையும் மூட்டமும். 25.6 வோல்ட் 100 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேட் பட்டரியில் எண்பது வீதம் எடுத்தால் ஐந்து நாள் தாங்கும். பெனல் 200 வாட்டில் இரண்டு, தொடராக, அதாவது ஒன்றின் பொசிட்டிவை மற்றதன் நெகட்டிவில் கோத்து. பெரிய பெனல் ஒன்றே போதும் என்று கடையில் சொல்வார்கள். அதன் வேலை வோல்டேஜ் 31 அளவில்தான் நிற்கும், 24 வோல்ட் பட்டரியை நிரப்பத் திணறும். இரண்டைத் தொடராகப் போட்டால் 40 கிடைக்கும். பெனலுக்கும் பட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்த 100 வோல்ட், 20 அம்பியர் எம்.பி.பி.டி. வகைக் கொன்ட்ரோலர் போதும். தெற்கே 10, 15 பாகை சரித்து வை, மழையே கழுவிவிடும். காலை வெயிலை மறைக்கும் சவுக்குக் கிளை இருந்தால் வெட்டு. ஒன்றில் நிழல் விழுந்தாலே மற்றதும் சோரும்.

பியூஸ் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதே. பட்டரிப் பொசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் முதல் பியூஸ். இன்வேட்டருக்கு 16 சதுர மில்லிமீற்றர் வயர், 60 அம்பியர் பியூஸ், நீளம் ஒரு மீற்றருக்குள். வீட்டு எம்.சி.பி.யை, அதாவது சாதாரண பிரேக்கரை, டி.சி.யில் போடாதே. ஏ.சி. மின்சாரம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் பிரேக்கர் திறக்கும்போது வரும் பொறி அணையும், டி.சி.யில் அது நடக்காது, பிரேக்கர் திறந்த பிறகும் பொறி நின்று எரிந்து அதையே உருக்கிவிடும். டி.சி.க்கு 13 அம்பியர் சொக்கட்டும் வேண்டாம், எப்போதாவது யாராவது அதில் டீவியைச் சொருகுவார்கள்.

இன்வேட்டருக்குப் பின்னால் கரண்ட் கசிந்தால் இணைப்பை நிறுத்தும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் அவசியம். நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓர் இடத்தில் இணைந்திருந்தால்தான் அது காப்பாற்றும். பல சின்ன இன்வேட்டர்களில் அந்த இணைப்பு இருக்காது. அப்போது ட்ரிப் சுவிட்ச் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் அழகாக விழும், ஆள் தொட்டால் விழாது. இன்னும் சிலவற்றில் இரண்டு கம்பியிலும் கரண்ட் இருக்கும். அதில் எர்த்தை இணைத்தால் இன்வேட்டரே போய்விடும். இணைக்கலாம் என்று கையேட்டில் எழுதியிருப்பதை மட்டும் வாங்கு.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி உண்டு. பெனல் சட்டத்தை எர்த் கம்பியோடு சேர், கொன்ட்ரோலருக்கு முன்னால் இடியால் வரும் அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் டி.சி. சேர்ஜ் அரெஸ்டர் ஒன்று போடு. வயர் எல்லாம் குழாய்க்குள், எலி விடாது.

பூட்டும்போது கொன்ட்ரோலருக்கு முதலில் பட்டரி, பிறகு பெனல். கழற்றும்போது முதலில் பெனல். பட்டரி எந்த அறையில், பெனலுக்கும் கொன்ட்ரோலருக்கும் எத்தனை மீற்றர் என்று அளந்து எழுது, வயர்க் கணக்கை முடித்து அனுப்புகிறேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜன்