புல்மோட்டை மணலும் சூடோரூட்டைலும்

திருகோணமலை

அன்பு மச்சான்,

கடிதமும் அதோடு வைத்திருந்த பகுப்பாய்வுத் தாளும் கிடைத்தன. மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்த செய்தி இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். சோளகம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. மழை எட்டிப் பார்க்கவில்லை.

இனி மணலுக்கு வருகிறேன். புல்மோட்டைக் கருமணலில் நீ பிரித்தெடுத்த இல்மனைற் (இரும்பு, டைட்டானியம், ஒட்சிசன் சேர்ந்த கறுப்புக் கனிமம்) பங்கில் டைட்டானியம் ஈரொட்சைட்டு 60 சதவீதம் வந்திருக்கிறது என்றும், அதனால் அது இல்மனைற் இரும்பை இழந்து மாறிய சூடோரூட்டைலாகத்தான் இருக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த முடிவுக்கு இப்போதே போகாதே. தூய இல்மனைற்றில் அது 52.6 சதவீதம், சூடோரூட்டைலில் சரியாக 60. இதுவரை நீ சொல்வது சரி. ஆனால் 84.5 கிராம் இல்மனைற்றோடு டைட்டானியம் ஈரொட்சைட்டே ஆன ரூட்டைல் கனிமத்தில் 15.5 கிராமைக் கலந்து அரைத்துக் கொடுத்தாலும் ஆய்வுகூடம் உனக்கு 60 என்றுதான் எழுதித் தரும். புல்மோட்டை மணலிலோ ரூட்டைலுக்குக் குறைவில்லை. அங்கத்தைய இல்மனைற் வழக்கமாக 53 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். 60 வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ரூட்டைல் கலப்புத்தான்.

கலப்பு எங்கே நுழைந்திருக்கும் என்றால், காந்தம் வைத்த இடத்தில். மணலைத் தடிப்பாகக் கொட்டிவிட்டு நியோடிமியக் காந்தத்தை மேலே பிடித்தால், மேலேறும் இல்மனைற் மணிகள் நடுவில் இருக்கும் ரூட்டைலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கடலுப்பு ஒட்டிய மணலில் இது இன்னும் மோசம். முதலில் நல்ல தண்ணீரில் பலதரம் கழுவு. 105 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல் உலர்த்து. பிறகு ஒரு மணல்மணியின் உயரத்துக்கு மட்டும் காகிதத்தில் பரப்பி, காந்தத்தை மெல்லிய பொலித்தீனால் சுற்றிப் பிடி. எடுத்ததைத் திரும்பப் பரப்பி இன்னும் இரண்டு முறை செய். அதற்கெல்லாம் முன் சாதாரணக் கறுப்புக் காந்தத்தால் மக்னரைற்றை (வலுவாக இழுபடும் இரும்பு ஒட்சைட்டுக் கனிமம்) அகற்றிவிடவேண்டும். சிப்பித் துண்டுகளைப் போக்க ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சூடாக்கி ஊற்றாதே. மாறிய மணியின் ஓரத்திலுள்ள இரும்பையும் அது கரைத்துவிடும். ஐதான அசற்றிக் அமிலம் போதும்.

சூடோரூட்டைல் எப்படி உண்டாகிறது என்பதை நினைவில் வைத்திருந்தால் எங்கே தேடுவது என்பதும் தெளியும். நிலத்தடி நீருக்குள் இல்மனைற் நெடுங்காலம் அசையாமல் கிடக்கும்போது, அதிலுள்ள பெரசு (இரண்டு ஏற்றமுள்ள) இரும்பு பெரிக் (மூன்று ஏற்றமுள்ள) இரும்பாக ஒட்சியேறுகிறது. ஏற்றம் சமப்படவேண்டும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு இரும்பு வெளியே கழன்று போகிறது. ஒட்சிசன் அடுக்குகள் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கின்றன. மிஞ்சுவது இரண்டு இரும்பு, மூன்று டைட்டானியம், ஒன்பது ஒட்சிசன். அடர்த்தி 4.7இலிருந்து 4க்குக் கீழே இறங்குகிறது. மணியில் நுண்துளைகள் விழுகின்றன, காந்தத்துக்கு இழுபடுவதும் குறைகிறது. இரும்பு இன்னும் போனால் ரூட்டைல், அனற்றேசு (அதே ஒட்சைட்டின் இன்னொரு பளிங்குவடிவம்) நுண்பளிங்குகள் சேர்ந்த லியூகொக்சீனில் போய் முடியும்.

வாடைக் காலத்தில் கடல் புரட்டிப் புரட்டி ஒதுக்கும் கரைமணலில் இதற்கான ஓய்வு இல்லை. அங்கே மாறிய மணி கிடைத்தாலும் அது வேறிடத்தில் மாறி வந்ததாகவே இருக்கும். அதனால் அலையடிக்கும் இடத்தை விட்டு, உள்ளே இருக்கும் பழைய மணற்படுகையில் நீர்மட்டத்துக்குக் கீழே எடுத்த மாதிரியையே நான் நம்புவேன். அனுமதி இல்லாமல் அங்கே மண்வெட்டி போடமுடியாது என்பது உனக்குத் தெரியும். கடிதம் எழுதி முறையாகக் கேள்.

இப்போது உன் தாளுக்கு. நான் மேலே சொன்ன கலவையில் பெரசு ஒட்சைட்டு 40 சதவீதம். சூடோரூட்டைலில் பெரிக் ஒட்சைட்டும் 40 சதவீதம். உன் தாளில் "இரும்பு ஒட்சைட்டு" என்று ஒரே வரியாகப் போட்டு, நூறிலிருந்து கழித்த எண்ணை எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெரசு இரும்பைத் தனியே அளந்தால்தான் வேறுபாடு வெளிப்படும். அதற்கு, பெரசை ஒட்சியேற்றும் இருகுரோமேற்றுக் கரைசலால் நியமிப்புச் செய். ஒரு லீற்றரில் 4.903 கிராம் பொற்றாசியம் இருகுரோமேற்று கரைத்த கரைசலில் 1 மில்லிலீற்றர், 7.18 மில்லிகிராம் பெரசு ஒட்சைட்டுக்குச் சமன். 0.25 கிராம் எடுத்தால் தூய இல்மனைற்றுக்கு 16.5 மில்லிலீற்றர் செலவாகும், கலவைக்கு 13.9. சூடோரூட்டைலுக்கு ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது.

இதில் பிழைக்கும் இடங்கள் மூன்று. மூன்றும் ஒரே பக்கம்தான் சாய்க்கும்: பெரசு குறைந்து, மணல் மாறிவிட்டதுபோலக் காட்டும். உலர்வாக நெடுநேரம் அரைத்தால் காற்றே ஒட்சியேற்றிவிடும். அற்ககோல் ஊற்றி அரை. கரைக்கும்போது காற்றுப் பட்டாலும் அதே கதை. மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காதே, வற்றாமல் கொதிக்கவைத்து உடனே போரிக் அமிலக் கரைசலுக்குள் அமிழ்த்து. மூன்றாவது, இல்மனைற் இலேசில் கரையாது. அடியில் கறுப்புத் துகள் மிஞ்சியிருந்தால் அந்த முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் நுணுக்கமாக அரைத்துத் தொடங்கு. கரைப்பதற்கு ஐதரோபுளோரிக் அமிலம் சேர்ப்பதால் புகைக்கூண்டும் கையுறையும் கல்சியம் குளுக்கோனேற்று ஜெல்லும் பக்கத்தில் இல்லாமல் மாணவர்களை இதற்கு விடவே கூடாது.

பெரிக் இரும்பு கூடுதலாக வந்தாலும் முடிந்துவிடவில்லை. இல்மனைற்றுக்குள் ஏமரைற் என்ற இரும்பு ஒட்சைட்டுக் கனிமம் மெல்லிய தகடுகளாகப் பிரிந்திருந்தால் அதுவும் பெரிக்தான். ஆகவே கடைசித் தீர்ப்பு மெருகிட்ட வில்லையில்தான். மணிகளை எபொக்சிப் பிசினில் பதிக்கும்போது வெற்றிடம் கொடு. இல்லாவிட்டால் துளை விழுந்த மணிகள் மெருகிடும்போது பிய்ந்து போய், நல்ல இல்மனைற் மட்டுமே மிஞ்சி உன்னை ஏமாற்றும். தெறிப்பொளி நுணுக்குக்காட்டியில் இல்மனைற் பழுப்புச் சாயலுள்ள சாம்பல் நிறம்; குறுக்கு முனைவாக்கிகளுக்கிடையே (ஒளியை வடிகட்டும் இரு தகடுகள்) மேடையைச் சுழற்றினால் நன்றாக வெளுத்துக் கறுக்கும். சூடோரூட்டைல் நீலச் சாம்பல், அந்த மாற்றமும் மங்கல். அது ஓரத்திலிருந்தும் வெடிப்புகள் வழியாகவும் நாக்கு நாக்காக உள்ளே நீள்வதைப் பார்க்கலாம். ரூட்டைல் கலப்பென்றால் அது தனி மணியாக, செம்பழுப்பு உள்ளொளியோடு நிற்கும். மின்னணு நுண்ணாய்வில் மாறிய பகுதியின் ஒட்சைட்டுக் கூட்டுத்தொகை 100க்குப் பதில் 95, 96 என்று வந்தால் பிழை என்று தள்ளாதே. துளைகளும், கருவி அளக்காத ஐதரொட்சைலும் அந்தக் குறைக்குக் காரணம்.

இந்தக் கனிமத்தின் பெயரே நெடுநாள் இழுபறியில் இருந்தது. 1909இல் அரிசோனைற் என்று விவரிக்கப்பட்டது பிறகு கலவை என்று தள்ளப்பட்டது. 1966இல் டெவ்பர், டெம்பிள் என்ற ஆய்வாளர்கள் சூடோரூட்டைல் என்று பெயரிட்டார்கள். தென் அவுஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவு மாதிரியை வைத்து 1994இல்தான் அது உறுதியானது. துகள்கள் அவ்வளவு நுண்மை. ஊடுகதிர்க் கோடுகள் மங்கி அகன்று வருவதால் வந்த வினை.

மிச்சமுள்ள மணலில் 50 கிராமைக் கழுவாமல் அப்படியே ஒரு போத்தலில் அனுப்பிவை. எடுத்த இடத்தையும் ஆழத்தையும் போத்தலில் எழுதி ஒட்டு. வில்லை நான் செய்கிறேன். இருகுரோமேற்று வேலையை நீ அங்கே பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்