புதிய கணினிச் செயலிகளை முதலில் வாங்கப்போவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உள்நாட்டில் வடிவமைக்கப்படும் கணினிச் செயலிகளை (கணினியை இயக்கும் முக்கியச் சில்லுகளை) பற்றிய செய்திகள் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையும் மின்சிக்கனத்தையும் சொல்வதோடு நின்றுவிடுகின்றன; அவற்றை யார் வாங்கப்போகிறார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது என்பதற்கு அமெரிக்காவின் டிரான்ஸ்மெட்டா நிறுவனம் சான்று.

1995-இல் தொடங்கப்பட்டு, லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் பணியாற்றிய அந்நிறுவனம், 2000 ஜனவரியில் குரூசோ செயலியை அறிமுகப்படுத்தியது. இன்டெல் செயலிகளுக்காக எழுதப்பட்ட நிரல்களை, அவை இயங்கும்போதே மென்பொருள் வழியாகத் தன் எளிய கட்டமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட அச்செயலி, வேலைப்பளுவைப் பொறுத்து மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டது. சோனி, புஜிட்சு போன்ற நிறுவனங்கள் தம் சிறிய மடிக்கணினிகளில் அதைப் பொருத்தின. ஆனால் நிரல்களை மாற்றும் வேலையே வேகத்தில் ஒரு பங்கை விழுங்கியது. மடிக்கணினியில் திரையும் வன்தட்டும் கணிசமான மின்சாரத்தை எடுத்துக்கொண்டதால், செயலியில் மிச்சமானது பேட்டரி நேரத்தில் எதிர்பார்த்த அளவுக்குத் தெரியவில்லை. 2001-இல் புதிய சில்லுகளின் உற்பத்தி தாமதப்பட்டது. 2003-இல் இன்டெல்லின் மின்சிக்கன மடிக்கணினிச் செயலியான பென்டியம் எம் வந்தபிறகு, வாங்குவோர் டிரான்ஸ்மெட்டாவை நாடக் காரணம் குறைந்துபோனது. 2005-இல் சில்லு விற்பனையைச் சுருக்கிக்கொண்ட அந்நிறுவனத்துக்கு, 2007-இல் காப்புரிமை வழக்கின் சமரசமாக 25 கோடி டாலர் தர இன்டெல் ஒப்புக்கொண்டது. அதன் கண்டுபிடிப்புகளுக்கு மதிப்பு இருந்தது, சந்தைதான் இல்லை என்பதே என் கருத்து.

இதற்கு மாறாக, 1990-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான, செயலிகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்துக்கு, நியூட்டன் கையடக்கக் கருவிக்குச் செயலி தேடிய ஆப்பிள் நிறுவனமே பங்குதாரராக அமைந்தது. அது தொழிற்சாலை எதையும் வைத்துக்கொள்ளாமல் வடிவமைப்பு உரிமத்தை மட்டும் விற்றது. பழைய கணினி நிரல்களின் சுமை இல்லாத கைப்பேசிகளில் வேரூன்றியது. டிரான்ஸ்மெட்டாவைப் போலவே பழைய நிரல்களை மாற்றி இயக்கும் உத்தியை 2020-இல் ஆப்பிள் தன் எம்1 சில்லு கொண்ட கணினிகளில் கையாண்டு வென்றதற்கும், சில்லை வடிவமைத்தவரும் வாங்கியவரும் ஒருவரே என்பது முக்கியக் காரணம்.

சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் உரிமக் கட்டணம் இல்லாத ரிஸ்க்-5 கட்டளைத் தொகுப்பின் (செயலி புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளின்) மீது எழுந்தவை. அவற்றை இன்டெல்லுக்குப் போட்டியாக மேசைக் கணினியில் நிறுத்த முயல்வது டிரான்ஸ்மெட்டா சென்ற பாதைதான். நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மின் மீட்டர்களைப் பொருத்த மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது; அவற்றுக்குப் பெரிய வேகமோ பழைய மென்பொருளோ தேவையில்லை, சிக்கனமும் பாதுகாப்பும்தான் தேவை. அந்த மீட்டர்களுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் ஒரு பங்கை உள்நாட்டு வடிவமைப்புச் சில்லுகளுக்கு ஒதுக்கி, உற்பத்தி பெருகும்வரை விலை வேறுபாட்டை அரசே ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை