ஹாட் ராடுக்கு எந்த என்ஜின்? முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் வார இணைப்பில் வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட பழைய கார்களான அமெரிக்க ஹாட் ராட்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆர்வத்தோடு படித்தேன். படங்களும் வரலாற்றுக் குறிப்புகளும் நிறைவாகவே இருந்தன. ஆனால் பழைய ஃபோர்டு பாடியைக் கையில் வைத்திருப்பவர் அதில் எந்த என்ஜினைப் பொருத்த வேண்டும் என்ற கேள்வியைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். 350 கன அங்குல ஷெவ்ரலே என்ஜினே எல்லாவற்றுக்கும் போதும் என்ற அவருடைய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த என்ஜின் எளிதில் கிடைக்கும், உதிரிபாகங்களுக்கும் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஆயினும் அது 1967-இல் வந்தது. 1940-களின் தோற்றத்தில் கட்டப்படும் காரில் அதை வைத்தால் அந்தத் தோற்றத்துக்காகப் பட்ட பாடு முழுவதும் வீணாகிவிடும். பல ஹாட் ராட்களுக்கு பானெட்டே கிடையாது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது என்ஜின்தான். ஆகவே, கார் எந்த ஆண்டைச் சேர்ந்ததாகத் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானித்த பிறகே என்ஜினைத் தேடப் புறப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கலிஃபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் வேகம் பார்த்த காலத்துக் காரைக் கட்ட விரும்புகிறவருக்கு இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, ஃபோர்டு மாடல் ஏ அல்லது மாடல் பி காரின் நான்கு சிலிண்டர் என்ஜின். மற்றொன்று, 1932-இல் 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்டு அறிமுகமான ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8; அதாவது எட்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்து, வால்வுகள் மேல்மூடியான ஹெட்டில் இல்லாமல் சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலேயே இருக்கும் என்ஜின். ஹாட் ராட் என்ற கலையே இந்த வி8-ஐச் சுற்றித்தான் வளர்ந்தது. அமெரிக்காவில் 1953 வரை தயாரிக்கப்பட்ட இதன் வகைகளில், 1949 முதல் 1953 வரையிலான, ஃபோர்டு நிறுவனத்தின் மற்றொரு பிராண்டான மெர்குரி கார்களில் வந்த 255 கன அங்குல என்ஜினைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன். அதன் கிராங்க் ஷாஃப்டின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம், 4 அங்குலம். அதே காலத்து ஃபோர்டில் 3¾ அங்குலம்தான். மெர்குரி என்று சொல்லி விற்கப்படும் என்ஜினில் ஹெட் கழற்றப்பட்டிருந்தால், கிராங்க்கைக் கையால் சுற்றி, பிஸ்டன் மேலிருந்து கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

பிளாட்ஹெட் சூடாகும் என்ற குற்றச்சாட்டைக் கட்டுரையாளரும் எழுதியிருக்கிறார். அதில் நியாயம் உண்டு. எக்ஸாஸ்ட் வாயு நேரே வெளியேறாமல் பிளாக்கின் ஊடாகவே செல்வதால் அந்தச் சூடெல்லாம் குளிர்விக்கும் நீரில் இறங்குகிறது. பக்கத்துக்கு மூன்று எக்ஸாஸ்ட் துளைகளே உள்ளன. நடுத் துளையை இரண்டு சிலிண்டர்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணலும் பல பத்தாண்டுத் துருவும் நீர்ப்பாதையை அடைத்திருப்பதும் அதே அளவுக்குக் காரணமாகும். அவற்றைக் கம்பியால் கிளறி முழுவதுமாக வெளியேற்றி, நல்ல ரேடியேட்டரும் பொருத்தினால் இந்த என்ஜின் ஒழுங்காகவே ஓடும்.

1950-களின் காருக்கு வழி விரிவானது. 1949-இல் காடிலாக் 331 கன அங்குலத்திலும், ஓல்ட்ஸ்மொபைல் 303 கன அங்குலத்திலும் வால்வுகள் ஹெட்டில் அமைந்த வி8 என்ஜின்களைக் கொண்டுவந்தன. 1951-இல் அரைக்கோள வடிவ எரியறைகள் கொண்ட கிறைஸ்லரின் ஹெமி வி8 180 குதிரைத்திறனோடு வந்தது. ஹெமியின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் 700 பவுண்டுக்கு மேற்பட்ட அதன் எடையும் அகலமும் 1932 ஃபோர்டின் குறுகிய முன்பகுதிக்குப் பெருஞ்சுமை. ஷெவ்ரலேதான் வேண்டும் என்பவர், 1955-இல் வந்த 265 அல்லது அதையடுத்த 283 கன அங்குல என்ஜினை எடுக்கலாம். காலமும் பொருந்தும், எடையும் குறைவு. 1955-ஆம் ஆண்டின் 265 பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே விடப்படவில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஷெவ்ரலேயின் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறம் இருப்பதால், என்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில் குழிவு செய்ய வேண்டிவரலாம். பழைய ஃபோர்டு கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால், இவ்வகை என்ஜின்களின் இழுவிசையை அதன் பற்கள் நெடுநாள் தாங்கமாட்டா. இந்தச் செலவுகளெல்லாம் என்ஜின் விலையில் தெரிவதில்லை.

எந்த என்ஜினானாலும் பிளாக்கின் நலமே இறுதி முடிவைச் சொல்ல வேண்டும். பிளாட்ஹெட்டில் வால்வு இருக்கையிலிருந்து சிலிண்டரை நோக்கி மயிரிழை போல ஓடும் விரிசலை, கிரீஸும் கரியும் படிந்த நிலையில் வெறுங்கண்ணால் காண இயலாது. பிளாக்கை நன்றாகக் கழுவி, காந்தத் தூள் சோதனையும் நீர்ப்பாதை அழுத்தச் சோதனையும் செய்த பிறகே போர் செய்யவோ (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கவோ) புதிய பிஸ்டன் வாங்கவோ முனைய வேண்டும். வரிசை மாறினால், வேலையெல்லாம் முடிந்த பிறகு விரிசல் வெளிப்பட்டு, செலவிட்ட தொகை முழுவதும் இரும்புக் கடைக்குப் போகும். போர் ஏற்கெனவே பெரிதாக்கப்பட்டிருந்தால் சிலிண்டர் சுவரின் தடிமனையும் அளந்துகொள்வது அவசியம்.

குதிரைத்திறன் எண்களை மட்டும் வைத்து என்ஜின்களை ஒப்பிடும் பழக்கம் இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களைத் தவறான பொருளை வாங்க வைக்கிறது. எனவே, பழைய பிளாக்கைச் சோதிக்கும் முறையைப் படங்களோடு விளக்கும் ஒரு தனிக் கட்டுரையைத் தங்கள் இணைப்பில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய என்ஜின்களில் ஈடுபாடுள்ள வாசகர்