ஒண்ணுமில்லப்பா

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை பேசியபோது நீ மூன்று முறை "ஒண்ணுமில்லப்பா" என்றாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். குரல் ஏன் கம்மியிருக்கிறது என்றதற்கு ஒன்று, மாப்பிள்ளை எங்கே என்றதற்கு ஒன்று, ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று அம்மா கேட்டதற்கு ஒன்று. நடுவில் பேச்சோடு பேச்சாக, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம், பல் மருத்துவர் ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து கொடுத்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாய். அம்மாவுக்கு உடனே உன் குழந்தைப் பருவம் ஞாபகம் வந்துவிட்டது. "வயித்துல பூச்சியா இருக்கும், மருந்து சாப்பிடச் சொல்லுங்க" என்கிறாள், முப்பது வயதுப் பெண்ணைப் பார்த்து. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

பல் கடிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 2006-இல் நீ தொடக்கநிலை நான்கு. அப்போது ஏழு மாதம் நானும் கடித்தேன். காலை மூன்றே முக்காலுக்கு எழுந்திருக்கும்போது தாடை இரண்டும் வலிக்கும், ராத்திரி முழுக்கக் கரும்பு தின்றவன் மாதிரி. காரணம் உனக்கு இதுவரை முழுசாகத் தெரியாது. ஒரு நண்பனுக்கு வங்கிக் கடனில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் கட்டுவதை நிறுத்திவிட்டான். 18,000 சிங்கப்பூர் வெள்ளியை நான் கட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. பேருந்து ஓட்டுபவனுக்கு அது என்ன தொகை என்று உனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் கடிதத்தைச் செருகி வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அவள் துடைக்கும் படம் அது! பயத்தில் இருப்பவனுக்குப் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அந்த ஏழு மாதமும் யார் என்ன கேட்டாலும் என் பதில் "ஒண்ணுமில்ல"தான். வயிறு எரிந்தால் கேஸ்ட்ரிக். தலை வலித்தால் வெயில். நீ ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்தை விட்டதற்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆண்ட்டி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார், அதுவும் களைப்பு. அப்புறம் ஜூலையில் ஒரு நாள், அங் மோ கியோ இன்டர்சேஞ்சில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை மரத்துப்போனது. சட்டை நனைந்துவிட்டது. முடிந்தது, 41 வயதில் கதை முடிந்தது என்றே நினைத்தேன். கூட வேலை செய்த மலாய் நண்பர் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தார். மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. பிரஷர் மட்டும் 168-க்கு 102. இது பேனிக் அட்டாக் மாதிரி தெரிகிறது, வீட்டிலோ வேலையிலோ ஏதாவது கவலை உண்டா என்று ஓர் இளம் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலும் அதேதான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பணம் ஒரு காரணம். இன்னொன்று என் சித்தப்பா, உனக்குச் சின்னத் தாத்தா. நீ பார்த்ததில்லை. அவரை உட்பிரிட்ஜில் சேர்த்திருந்தோம். உங்கள் தலைமுறைக்கு அது மனநலக் கழகம். 1993-இல் புவாங்கோக்குக்கு மாறியபோது வந்த பெயர். எங்களுக்கு அது உட்பிரிட்ஜ், அந்தப் பெயரையும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஊருக்குப் போயிருக்கான்" என்று என் அப்பா சொல்வார். தேசிய சேவைக்குப் போவதற்கு முன் ஒருமுறை நானும் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். சித்தப்பா சுத்தமாகச் சவரம் செய்திருந்தார், நாங்கள் கொண்டுபோன ஆரஞ்சை உரித்து முதல் சுளையை எனக்குத்தான் கொடுத்தார். திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே அந்த மருத்துவர் மனக்கவலை என்ற சொல்லை எடுத்ததுமே, எனக்கு அந்த ஆரஞ்சு வாசனைதான் வந்தது. ஊருக்குப் போயிருக்கிறான் என்று நாளை என்னைப் பற்றியும் சொல்வார்கள் என்று பயந்தேன்.

உடம்பில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அங் மோ கியோ நூலகத்தில் உட்கார ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகுதான், கொஞ்சம் லேட். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் குல்லாய் மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கிறது. ஆபத்து என்று மூளை சொன்னால் அது அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமெடுக்கும், பிரஷர் ஏறும், கல்லீரல் சேமித்த சர்க்கரையை வெளியே விடும், செரிமானம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கிவிடும். புலி துரத்தினால் இதெல்லாம் வேண்டும். ஓடுவோம், ஒன்று தப்பிப்போம், இல்லை புலிக்குச் சாப்பாடாவோம், எப்படியும் பத்து நிமிடத்தில் விவகாரம் முடிந்துவிடும். முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கும் கடிதம் துரத்துவதும் இல்லை, விட்டுப்போவதும் இல்லை. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஏழு மாதம் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே நின்றது.

பிரேக்கும் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைவாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். விடுவதை நீட்டினால் மெதுவான பங்கு கூடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடம் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் இதைச் செய்தேன். யாருக்கும் தெரியாது. நீ டிராமில் செய்யலாம். ஆனால் ஒன்று, நெஞ்சு வலி வந்தால் அப்பாவுக்கு வந்த மாதிரி பேனிக்தான் என்று நீயே தீர்ப்பு எழுதாதே. அங்கே ஆஸ்திரேலியாவில் ஆம்புலன்ஸுக்கு 000-ஐ அழை. பிறகு வெட்கப்பட்டுக்கொள்ளலாம்.

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கையில் சிக்கியது. அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. பேச்சையே நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் தபால்காரி நீ. "அப்பா, அம்மா சாப்பிடச் சொன்னாங்க." "அம்மா, அப்பா அப்புறம் சாப்பிடறாராம்." பள்ளிச் சீருடையோடு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பாய். ஒரு நாள் நான் சொன்னதைக் கொஞ்சம் இனிப்பாக்கிச் சொன்னாய்: "அப்பா பிளீஸ்னு சொன்னாரு." நான் சொல்லவே இல்லை. அதைப் பற்றி இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கடனை நாலு வருடத்தில் அடைத்துவிட்டோம். உன்னை அங்கே நிற்க வைத்ததை எப்படி அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அம்மா காப்பியை ணங்கென்று வைத்துவிட்டு, "காசுதான் போச்சு, வாயுமா போச்சு?" என்றாள். அன்று ராத்திரி உன்னைப் பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் விட்டுவிட்டு நடக்கப் போனோம். பீஷான் பூங்காவில் அப்போது காலாங் ஆறு நேர்கோடாக ஓடும் கான்கிரீட் கால்வாய்தான். 2012-இல்தான் கான்கிரீட்டை உடைத்து ஆற்றை வளைந்து ஓட விட்டார்கள், இன்று நீர்நாய் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அந்தக் கால்வாயோரம் நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் என் வாயிலிருந்து வந்திருக்காது. பக்கத்தில் நடந்தால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு நின்றுபோனாலும் கால் நடந்துகொண்டிருக்கும். நடை பிரஷருக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நாங்கள் போனது பிரஷருக்காக இல்லை.

மாப்பிள்ளையும் நீயும் நாலு நாளாகப் பேசவில்லை என்பதை நீ சொல்லவில்லை. "அவரு அந்த ரூம்ல இருக்காரு" என்று சொன்ன விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று கேட்கமாட்டேன். அவர் நல்ல பையன், ஆனால் என்னை மாதிரியே வாயை மூடிக்கொள்ளும் ரகம், கல்யாணத்துக்கு முன்பே பார்த்தேன். ஜான் காட்மன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர், தம்பதிகளை உட்கார வைத்து, சண்டை போடும்போது அவர்களுடைய நாடித்துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார். துடிப்பு ஒரு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதிலேயே ஏறாதாம். அப்போது இருபது நிமிடமாவது விலகி இருப்பது நல்லது என்கிறார். ஆக, எழுந்து போவது தப்பில்லை. நாங்கள் செய்த தப்பு, திரும்பி வருவதாகச் சொல்லாமல் போனது. வண்டி பழுதானால் ஓரம் கட்டலாம், பாப்பா. பயணிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி நடையைக் கட்டினால் புகார் வருமா வராதா? "இப்ப முடியல, ராத்திரி சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போ. சொன்னபடி பேசு. கேலியாக உதட்டைச் சுழிப்பதை மட்டும் விடு. அது என் அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது. காட்மன் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் மோசம்.

தூக்கத்துக்கு வருகிறேன். ஏழு மணி நேரமாவது வேண்டும், அது உனக்கே தெரியும். நாலு மணிக்கு நீ குடிக்கும் அந்தப் பெரிய காப்பியில் உள்ள கஃபீனில் பாதி, ராத்திரி ஒன்பதுக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். மத்தியானத்தோடு நிறுத்திப் பார். நானே பால் டீயான தே தாரிக்கை விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிவிட்டேன், கழுநீர் மாதிரிதான் இருக்கிறது, குடிக்கிறேன்.

நீ நிரந்தரவாசி ஆகிவிட்டாய் அல்லவா? உன் குடும்ப மருத்துவரிடம் போய் மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்று எழுதித் தரச் சொல். அது இருந்தால் வருடத்துக்குப் பத்து முறை வரை உளவியலாளரைப் பார்க்கும் செலவில் ஒரு பகுதியை அங்கத்திய அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் திருப்பித் தரும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் இல்லாதது போலத் தோன்றினால் அங்கே லைஃப்லைன் உதவித் தொலைபேசி 13 11 14, எந்த நேரமும் எடுப்பார்கள். இங்கே 1767 இருக்கிற மாதிரி. பைத்தியத்துக்குத்தான் அதெல்லாம் என்று சொல்ல என் அப்பா உயிரோடு இல்லை, நான் சொல்லப் போவதும் இல்லை. ஆரஞ்சுச் சுளை கொடுத்த அந்த மனிதரை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் சொன்ன குடும்பம் இது. அது என்னோடு போகட்டும்.

இவ்வளவு எழுதிவிட்டு என் பங்குக்கு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. போன வாரம் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்துக்காக, புளோக் கீழே இருக்கும் மருந்தகத்தில் நான் பதிந்துவைத்திருக்கும் மருத்துவரைப் பார்த்தேன். படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்றேன். இசிஜியைப் பார்த்துவிட்டு இதய மருத்துவரிடம் அனுப்பினார். வருகிற செவ்வாய்க்கிழமை மதியம் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம், பிள்ளை அங்கே தனியாகக் கவலைப்படும் என்று அம்மா தடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ "உங்க உடம்பு எப்படிப்பா?" என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

பயமாகத்தான் இருக்கிறது. செவ்வாய் இரவு ஏழு மணிக்கு அழைக்கிறேன், உங்கள் நேரம் ஒன்பது. மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அப்பா